பலகையை எடுக்காத நாள்

என் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நீ, மாப்பிள்ளை, குழந்தை மூவரும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் கையெழுத்து உனக்குத் தெரியும், எறும்புக் கூட்டத்தை யாரோ கலைத்துவிட்ட மாதிரி இருக்கும். பொறுமையாகப் படி.

"நல்லாப் போயிட்டிருந்த வேலைய அப்பா ஏம்மா தானாப் போய்க் கெடுத்துக்கிட்டாரு?" என்று நீ அம்மாவிடம் கோபப்பட்டாயாம். அவள் உனக்குப் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கியிருக்கிறாள். அது என் உத்தரவு. என் உத்தரவு ஒன்றை அவள் மதித்தது இதுவே முதல் தடவை என்பதால் இத்தனை நாள் அதை ரசித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். விஷயம் இதுதான்: எனக்குக் காது மந்தமாகிவிட்டது. பக்கத்தில் நின்று உரக்கப் பேசினால் கேட்கும். மெல்லிய சத்தமெல்லாம் போய்விட்டது.

லிஃப்ட் ரிப்பேர்க்காரனுக்குக் காது எதற்கு என்று நீ கேட்கலாம். பழுது பார்த்து முடித்ததும் நான் ஒருவன் மட்டும் அதில் ஏறி, சுவரில் காதை ஒட்டிக்கொண்டு, மேலே போய்க் கீழே வருவேன். எங்காவது உரசினால் தெரிந்துவிடும். ஒன்றும் இல்லை என்றால்தான் வாசலில் வைத்திருக்கும் 'ஏறாதீர்கள்' பலகையை எடுப்பேன். இது கம்பெனி சொல்லிக் கொடுத்ததில்லை. படிப்பில் கோட்டை விட்டவன் நான், புத்தகத்தில் போட்டிருப்பதைப் புரிந்துகொள்வதைவிட ஏறிப் பார்ப்பது சுலபமாக இருந்தது. அப்படியே பழகிவிட்டது. இதற்காகக் கூட வேலை செய்கிறவர்கள் எனக்கு டாக்டர் என்று பேர் வைத்தார்கள். லிஃப்டில் மட்டும் இல்லை, எதையும் ஆட்டிப் பார்க்காமல் எனக்கு முடியாது. கல்யாணத்தன்று அம்மா உட்காரப்போன நாற்காலியை ஆட்டிப் பார்த்தேன் என்று இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள். "என்னையப் பாக்கவே இல்ல, நாற்காலியத்தான் சுத்திச் சுத்திப் பாத்தாரு" என்பாள்.

கொஞ்ச நாள் முன்பு ஒரு பல் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் வேலை. முடித்தேன், ஏறினேன், ஒரு குறையும் இல்லை, பலகையை எடுத்துவிட்டேன். பின்னாலேயே நம் ஒட்டடைக்குச்சி வந்தான். என்னோடு வேலை செய்கிறவன், நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்வானே, அவன்தான். ஒரு தடவை ஏறி இறங்கிவிட்டு, "என்னண்ணே, இந்தக் கத்து கத்துது, பலகைய எடுத்துட்டீங்க?" என்றான். கிண்டல் பண்ணுகிறான் என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. பலகையைத் திரும்ப வைத்துவிட்டுத் திறந்து பார்த்தால், ஓரத்துத் தண்டவாளத்தில் ஓடும் ரப்பர் தேய்ந்து இரும்பு வெளியே தெரிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

காது டாக்டர் ஒரு மிஷின் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு லிஃப்டில் ஏறினால் விசிறி, விளக்கு, என் சட்டை எல்லாம் ஒரே நேரத்தில் இரைகின்றன. அதில் உரசல் எது, உரசாதது எது என்று பிரிக்க எனக்கு வரவில்லை.

ஒட்டடைக்குச்சிதான் ஒரு வழி சொன்னான். "ஏறுறது ரெண்டு பேரும், கேக்குறது நானு. ஒரு பயலுக்கும் தெரியாதுண்ணே." தங்கமான பிள்ளை. கொஞ்ச நாள் அப்படியே ஜோடி போட்டுக்கொண்டு மேலும் கீழும் போய் வந்தோம். ஒருநாள் அவனுக்குக் காய்ச்சல், வரவில்லை. அதே பல் ஆஸ்பத்திரி, நான் மட்டும். வேலை முடிந்தது. மீட்டரில் எல்லாம் சரி. ஏறினேன், அமைதியாக இருந்தது. இப்போது எனக்கு எல்லா லிஃப்டும் அமைதிதான். கீழே வந்து பலகையில் கை வைத்தேன். எடுக்க மனம் வரவில்லை.

அப்படியே நின்றேன். ஜனங்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படியேறிப் போனார்கள். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண், "வேலை முடிஞ்சுதுல்ல, அப்புறம் எதுக்குங்க அதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?" என்று கேட்டாள். கேட்டது நியாயம்தான். சூப்பர்வைசர் வந்தார். "மீட்டர் சரியாத்தானே இருக்கு, எடுத்துட்டு வாய்யா" என்றார். "எனக்குக் கேக்கல சார்" என்றேன். தான் சொன்னதுதான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, மேல்மாடிவரை எதிரொலிக்கிற மாதிரி அதையே திரும்பக் கத்தினார். "நீங்க சொன்னது கேட்டுச்சு சார், லிஃப்டுதான் கேக்கல" என்றேன். மனிதர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ரிட்டயர் ஆகப்போற நேரத்துல இத வாயத் திறந்து சொல்லணுமாய்யா? இனி உன்ன எப்படி லிஃப்டுக்கு அனுப்புவேன்?" என்றார். நல்ல மனிதர், அவர்மேல் குறை இல்லை.

இப்போது கம்பெனி ஸ்டோரில் உட்கார்ந்து போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுக்கிறேன். வருகிறவர்கள் பழையதைக் கையில் கொண்டுவந்து காட்டுவதால் குழப்பமில்லை. அம்மாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைக்கிறேன். அவள் என்னோடு பேசாமல் இருக்கிறாளா, பேசுவது எனக்குக் கேட்கவில்லையா என்பது சரியாகத் தெரியவில்லை. முக்கியமானதை மட்டும் தாளில் எழுதி நீட்டுகிறாள்.

நேற்று ஒரு தாள் நீட்டினாள். நீ கூப்பிடும்போதெல்லாம் நான் போனை வாங்காமல் நழுவுகிறேனாம், உன்மேல் எனக்கு ஏதோ வருத்தம் என்று நினைத்து நீ அழுதாயாம். அதைப் படித்த பிறகுதான் இந்தக் கடிதம். வருத்தம் ஒன்றும் இல்லையம்மா. மிஷினை மாட்டினாலும் போனில் எனக்குக் 'கொர்'ரென்றுதான் வருகிறது. சரிம்மா, அப்படியா, ரொம்ப சந்தோஷம் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்திருக்கலாம், நீயும் கண்டுபிடித்திருக்கமாட்டாய். நீ ஏதோ கஷ்டத்தைச் சொல்லும்போது சந்தோஷம் என்று சொல்லித் தொலைத்துவிட்டால்? அதனால்தான் வாங்கவில்லை.

குழந்தை 'தாத்தா' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாளாமே. எப்படிச் சொல்கிறாள் என்று அம்மாவிடம் கேட்டால், 'நல்லாத்தான் சொல்லுது' என்று எழுதிக் கொடுக்கிறாள். அது எனக்குப் போதவில்லை. இழுத்துச் சொல்கிறாளா, வெடுக்கென்று சொல்கிறாளா? பாதியில் சிரித்துவிடுகிறாளா? குரல் உன்னுடையது மாதிரியா, மாப்பிள்ளையுடையதா?

மூவரும் ஒருவருக்கொருவர் துணையாக, நீண்ட நாள் நன்றாக இருங்கள். அவளை இன்னும் ஒரு தடவை சொல்லச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, நிதானமாக எனக்கு எழுது.

உன் அப்பா