முன் சக்கரமும் ஒரு நாயும்

காலையில் கதவைத் திறந்ததும் ஃபோர்க் எண்ணெயின் நாற்றம்தான் முகத்தில் அடித்தது. உன் புல்லட்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் கசிந்து, சிமெண்டுத் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. உன் காரியம் முடிந்த கையோடு உன் மனைவி வண்டியை என் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. உன்மேல் கோபம் கோபமாய் வருகிறது. செத்தவனோடு சண்டை போட முடியாது, அதனால் எழுதுகிறேன்.

உன் அப்பா காலத்து வண்டி. "பிரேக்க புடிச்சா மாரிகுப்பத்துல நிக்க வேண்டியது பங்காருபேட்டையில போய் நிக்குதுடா" என்று நீயே கிண்டல் செய்வாய். புது வண்டியின் ஃபோர்க்கையும் டிஸ்க் பிரேக் சக்கரத்தையும் மாட்டலாம் என்று ஆரம்பித்தவன் நான். "அப்பா வண்டிடா, முன்னாடி மட்டும் கை வெக்காத" என்று ஒரு மாதம் இழுத்தாய். நான் விடவில்லை. ஃபோர்க் ஒரு வண்டியுடையது, பிரேக் இன்னொன்றுடையது, துளைகள் பொருந்தவில்லை. பிரேக்கைத் தாங்க ஓர் இரும்புப் பட்டையை நானே அறுத்துத் துளையிட்டேன். சக்கரம் உரசாமல் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் ஸ்பானரால் இறுக்கலாம் என்று இரண்டு போல்ட்டையும் கையால் திருகி வைத்தேன்.

நம் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் ஆளை இறக்கும் இரும்புக் கூண்டை, கேஜை, பழுது பார்த்தவன்தான் முதலில் அதில் இறங்க வேண்டும். நம் அப்பாக்கள் அப்படித்தான் இறங்கினார்கள். சுரங்கம் மூடிய பிறகும் நம் தொழிலாளர் லைன் வீடுகளில் வண்டிகளுக்கு அதே வழக்கம். நீயும் கேட்டாய்: "செஞ்சவன் நீ, மொதல்ல நீ ஏறு." எனக்குக் கல்யாண வீட்டுக்கு நேரமாகியிருந்தது. "இது இன்னா கேஜா? ஒரு ரவுண்டு போய்ட்டு வாடா" என்று சாவியை வீசினேன். போல்ட்டை மறந்தே போனேன்.

மைசூர் மைன்ஸ் இறக்கத்தில் நீ பிரேக்கைப் பிடித்ததும் பட்டை கழன்று சக்கரத்துக்குள் சிக்கி, வண்டி உன்னைத் தூக்கி எறிந்தது. முழங்கால் நொறுங்கிவிட்டது. நான் ஓடி வந்தபோது சுற்றி நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாய்: "நாய் ஒண்ணு குறுக்க வந்துச்சு." பட்டை தொங்குவதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை நீயும் பார்த்தாய்.

அதோடு பெங்களூர் வேலை போயிற்று. தினமும் ரயிலில் இரண்டு மணி நேரம் நின்றுகொண்டு போக அந்தக் காலால் ஆகவில்லை. ஊரிலேயே ஒரு செருப்புக் கடையில் உட்கார்ந்தாய், சாகும்வரை பதினோரு வருடம். எத்தனை முறை வாயெடுத்தேன்! "அன்னைக்கு அந்த போல்ட்டு..." என்பதற்குள் "நாய்தான்டா, வுடு" என்று டீயை நீட்டுவாய். என் கோழைத்தனத்துக்கும் அது வசதியாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை.

நேற்று உன் மனைவியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்ணா. ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாரு. உங்ககிட்ட கேக்கவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு."

"பசங்களுக்கு?"

"தெரியும்."

ஒவ்வொரு தீபாவளிக்கும் உன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேனே! இந்த ஊர் நாய்களை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று நான் சத்தம் போட்டபோதெல்லாம், எல்லாம் தெரிந்த அந்தக் குடும்பம் தலையைக் குனிந்துகொண்டு எனக்குப் பரிமாறியிருக்கிறது. இதைவிட நீ என்னை நடுத்தெருவில் செருப்பால் அடித்திருக்கலாம். வாங்கிக்கொண்டு உன் காலில் விழுந்திருப்பேன். அதற்குக்கூட இடம் கொடுக்காமல் போய்விட்டாய்.

நீ என்னை மன்னித்தாயா, இல்லை மனதுக்குள் வெறுத்துக்கொண்டே டீ கொடுத்தாயா? இனி சாகும்வரை இதைச் சுமக்கப்போகிறவன் நான்தான். உன் மனைவியிடம் அதையும் கேட்டுப் பார்த்தேன்.

"அத மட்டும் அவரு சொல்லலண்ணா" என்றாள்.