வாய்க்குள் நின்ற சொல்

மகளுக்கு,

உன் அம்மா இறந்த அறிவிப்பை முந்தாநாள் வானொலியில் நீயே வாசித்தாய். கேட்டேன்.

"பெத்தவ செத்த சேதியைக் குரல் நடுங்காம வாசிக்கிறாளே, இவ என்ன கல்லா?" என்றாள் உன் அத்தை. "அழுதுகிட்டே வாசிச்சா அடக்கம் எத்தனை மணிக்குன்னு யாருக்குடி புரியும்?" என்று அவள் வாயை அடைத்தேன். நேரமும் இடமும் தெளிவாகக் கேட்டதால்தான் அத்தனை பேர் வந்தார்கள். நீ வரவில்லை.

கடைசி வரியில்தான் குறை. "கணவரையும் மகளையும் விட்டுச் சென்றிருக்கிறார்" என்பதில் 'கணவரையும்' கணீரென்று கேட்டது. 'மகளையும்' உன் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. என்னைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டவளை வீட்டுப் படி ஏறாதே என்றவன் இதை எழுதியிருக்க மாட்டான், நிலையத்தில் யாரோ சேர்த்துவிட்டார்கள் என்று நினைத்தாயோ? எழுதிக் கொடுத்தது நான்தான். நானும் அந்த ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்தவன். எப்படி வாசிப்பதென்று எவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஆனாலும் தாளில் இருப்பதை விழுங்கியதில்லை.

வந்தவர்களுக்கு நன்றி அறிவிப்பு ஒன்று எழுதியிருக்கிறேன். அதிலும் அந்தச் சொல் உண்டு. தபாலில் அனுப்ப மாட்டேன். நீயே வந்து வாங்கிக்கொள். என் எதிரில் ஒருமுறை வாசித்துக் காட்டு. சரியாக வரும்வரை எழுந்து போக விடமாட்டேன்.

கோபம் அப்படியேதான் இருக்கிறது.

உன் அப்பா