ஏழாவது ஊசி

ஜூலை 8, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையில் இறங்கியது. ஜூஸ் பேக்டரிக்குப் போகும் மாங்காய் லாரிகள் என் மோட்டார் ரிப்பேர் கடை வாசல் வரை வரிசை. தெருவெல்லாம் புளித்த வாசனை.

நான் பஞ்சு வைத்துத் தைத்த குவில்ட் நேற்று மதியம் திருப்பதி போய்விட்டது. மாப்பிள்ளை வந்து எடுத்துப்போனார். (மாப்பிள்ளை = பியூலாவின் புருஷன். பியூலா = என் தங்கச்சி மகள். எனக்குத் தெரிந்ததை எனக்கே ஏன் எழுதுகிறேன்? பின்னால் யாராவது என் சரித்திரம் எழுதினால் உதவும்.)

பியூலாவின் பையனுக்கு இரண்டு மாதம். வரும் ஞாயிறு ஞானஸ்நானம், இங்கே சித்தூரில் எங்கள் சபையில். தாய்வீட்டுத் துணியில் சுற்றித்தான் பிள்ளையைப் பாஸ்டர் கையில் கொடுப்பது வழக்கம். துணி என் பொறுப்பு. மற்றவர்கள் கடையில் வாங்குவார்கள். நான் செய்தேன்.

விவரம்:
நீளம் மூன்றரை அடி. மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் வெள்ளை மல் துணி.
கட்டம் 36. (சபைச் செயலாளரிடம் 64 என்றேன். தூரத்தில் நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும்.)
ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் துணி மூடிய தகரப் பட்டன்.
சுற்றிலும் குரோஷா பின்னல் ஓரம். கண் ஒவ்வொன்றும் அரிசி அளவு.

என் வீட்டுக்காரி எஸ்தர் இதைப் பொந்தை என்கிறாள். கிழிசல் புடவையைச் சேர்த்துத் தைத்தால் பொந்தை. இது குவில்ட். முப்பது வருஷம் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றிய கை இது. நான் சுற்றிய மோட்டார் புகைந்ததே இல்லை. (இரண்டு முறை. கரண்ட் மேல் தப்பு.)

சாயங்காலம் தையல் டப்பாவை ஒழுங்கு செய்தேன். தைக்கும் நாளில் காலையிலேயே ஏழு ஊசியில் நூல் கோத்து ஸ்பாஞ்சில் குத்தி வைத்துவிட்டுத்தான் உட்காருவேன். கோப்பது எஸ்தர். வெளியே எல்லோருக்கும் என் கண் கழுகுக் கண்.

ஸ்பாஞ்சில் ஆறு இருந்தது.

மறுபடி எண்ணினேன். ஆறு.

ஜூலை 9, புதன்

மழை வருவது போல் வந்து ஏமாற்றிவிட்டது. புழுக்கம்.

தேடிய இடங்கள்: டப்பா. கட்டிலடி. பாய். துடைப்பம். குப்பைக்கூடை. என் சட்டைகள் ஆறு. எஸ்தர் புடவை, அவள் கட்டிக்கொண்டிருக்கும்போதே.

"இன்னாங்க, என்ன சுத்திச் சுத்தி வந்துக்கினு கீறீங்க?"

"கலர் நல்லா கீதேன்னு பாத்தேன்."

"நாலு வருசமா இதத்தான் கட்டிக்கினு கீறேன். இன்னிக்குத்தான் கண்ணு வந்துச்சா?"

ஸ்பீக்கர் காந்தத்தில் கயிறு கட்டி வீடு முழுக்க இழுத்தேன். கிடைத்தவை: ஆணி 2, கொண்டை ஊசி 3, பழைய பீரோ சாவி. ஊசி இல்லை.

மதியம் சாப்பிடும்போது ஞாபகம் வந்தது. 

திங்கள் காலை. மேல் துணியும் பஞ்சும் பட்டன் போட்டு முன்பே சேர்த்தாயிற்று. அடித்துணி சேர்ப்பதுதான் பாக்கி. என் முறை: தலையணை உறை மாதிரி உள்பக்கம் வெளியே இருக்கச் சுற்றிலும் தைத்து, ஒரு சாண் வாய் விட்டு, அதன் வழியாகப் புரட்டி எடுத்து வாயை மூடுவது. பஞ்சு நகராமல் குண்டூசி குத்தினேன். குண்டூசி போதவில்லை. ஒரு நிமிஷத்துக்குத்தானே என்று நூல் கோத்த ஊசி ஒன்றைப் பஞ்சில் குத்தினேன். அப்போதுதான் செயலாளர் வந்தார். 64 கட்டத்தைப் பற்றி அரை மணி நேரம் சொன்னேன். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் வந்ததாகவும் சொன்னேன். அவர் போனதும் அதே வேகத்தில் தைத்தேன், புரட்டினேன், மூடினேன்.

குண்டூசிகளை எடுத்தது நினைவிருக்கிறது. ஊசியை எடுத்தது நினைவில்லை.

பியூலாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா! இவன் உங்க பொந்தை மேலதான் தூங்கறான். பாயில போட்டா வீல்னு கத்தறான், அது மேல போட்டா கப்சிப்."

போட்டோவும் வந்தது. நட்டநடுவில் மல்லாக்கப் படுத்து, இரண்டு கையும் விரித்தபடி. விரலால் பெரிதாக்கி ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். போட்டோவில் ஊசி தெரியுமா. 

நேராகச் சொல்லியிருக்கலாம். சொன்னது வேறு.

"ஞாயித்துக்கிழம வரைக்கும் அது மேல படுக்க வைக்கக் கூடாதும்மா. மொதல்ல பாஸ்டர் ஜெபம் பண்ணணும். நம்ம குடும்பத்துல அப்படித்தான்."

பின்னாலிருந்து அவள் மாமியார் கிரேஸம்மா குரல். நாயுடுபேட்டைக்காரம்மா. தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார்கள், அல்லது தலைகீழாக.

"எக்கட உந்தி ஆ பழக்கம், எந்த ஊர்ல? நான் மூணு பசங்களுக்கு ஞானஸ்நானம் குடுத்தவ. இப்படி ஒண்ணு கேள்விப்படவே இல்ல!"

"சரி மாமா, மடிச்சு வச்சிடறேன்" என்றாள் பியூலா.  ஞாயிறுக்குள் ஏதாவது சாக்கு சொல்லி வாங்கிவிடலாம். சாக்குக்கு என்னிடம் எப்போது பஞ்சம்.

ஜூலை 10, வியாழன்

மேகம். காற்று இல்லை. காலையில் ஒரு அரை எச்.பி. மோட்டார் வந்தது. கை ஓடவில்லை.

10.40. பியூலா போன். பையன் விடியற்காலையிலிருந்து அழுகையாம். தொடையில் சிவப்பாக ஒரு புள்ளி. "கொசுதான்னு அத்தை சொல்றாங்க மாமா."

"குவில்ட்ட மடிச்சு வச்சியா?"

"வச்சேன். அத்தை எடுத்து மறுபடியும் போட்டுட்டாங்க. வேற எதுலயும் தூங்க மாட்டேங்கறானே."

வாயைத் திறந்தேன். வந்தது: "நல்ல துணி, அதான்."

போனை வைத்தேன். எஸ்தர் கதவருகில் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். ஸ்பாஞ்சையும் எண்ணியிருக்கிறாள்.

"ஏழாவது எங்க?"

சொன்னேன்.

"இப்பவே போன் போட்டு சொல்லுங்க."

"ஊரே சிரிக்கும்டி. ஆம்பள ஊசி புடிச்சா இப்படித்தான்னு."

"ஊரு சிரிச்சா உங்களுக்கு ரத்தமா வரப்போவுது? அந்தப் புள்ளைக்கு வரும்."

போட்டேன். எடுக்கவில்லை. நாலு தடவை. பிள்ளை தூங்கினால் பியூலா போனைச் சைலண்டில் வைப்பாள். பிள்ளை தூங்குகிறது என்றால் எதன் மேல் தூங்குகிறது? மாப்பிள்ளைக்கு ஸ்ரீசிட்டி பேக்டரியில் ஷிப்ட், போனை வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கிரேஸம்மா நம்பர் என்னிடம் இல்லை.

கடையைச் சாத்தினேன். காந்தம், கத்தரி, பிளேடு பையில். எஸ்தர் வீட்டிலிருந்து போன் போட்டுக்கொண்டே இருப்பதாக ஏற்பாடு.

12.15, பஸ்ஸில். பாகாலா தாண்டவில்லை. முன்னால் மாங்காய் லாரி, அதற்கு முன்னால் இன்னொன்று. டிரைவர் சாவகாசமாக வெற்றிலை மடிக்கிறார். எஸ்தர்: "எடுக்கலைங்க." பக்கத்து சீட்டுக்காரர் என்ன வேலையாகப் போகிறேன் என்று கேட்டார். வேறு நாளானால் சந்திரகிரி வரை சொல்லிக்கொண்டு போயிருப்பேன். சும்மா தலையாட்டினேன்.

சாயங்காலம், திரும்பும் பஸ்ஸில். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கிரேஸம்மா கதவைத் திறந்தார்கள். கூடத்தில் குவில்ட், அதன் மேல் பிள்ளை, தூக்கம். பியூலா குளித்துக்கொண்டிருந்தாள்.

"ரண்டி அண்ணா, வாங்க. சொல்லாம கொள்ளாம?"

"பையன தூக்கிக்கலாம்னு..."

"அய்யோ, இப்பத்தான் தூங்கினான். தூக்காதீங்க."

அந்த நிமிஷத்திலாவது சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? மண்டி போட்டு, காந்தத்தை எடுத்து, பிள்ளையைச் சுற்றி ஓட்டினேன். ஊசி இருந்தால் இழுக்கும், யாருக்கும் தெரியாமல் உருவிவிடலாம் என்று கணக்கு. டக். காந்தம் ஒட்டியது. பட்டன். நகர்த்தினேன். டக். பட்டன். முப்பத்தாறு தகரப் பட்டன், அழகுக்காக நானே வைத்தது. எது பட்டன், எது ஊசி?

"ஏமண்ணா அதி, கையில என்ன?"

"காந்த வைத்தியம். குழந்தைக்கு ரத்த ஓட்டம் நல்லா வரும். டாக்டருங்களே இப்ப இதான் சொல்றாங்க."

"அப்டியா? எனக்கு முட்டி வலி அண்ணா, கொஞ்சம் இங்க வைங்க." முட்டியை நீட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்துவிட்டார்கள். வைத்தேன். வியர்வை கண்ணில் இறங்கியது.

அப்போது பிள்ளை முனகி, காலை மடக்கி, குதிகாலைக் குவில்ட்டில் ஊன்றி உந்தியது. ஒரு தடவை. இன்னொரு தடவை.

"ஊசி" என்றேன். "உள்ள ஊசி கீது."

கிரேஸம்மா கத்தவில்லை. முட்டி வலிக்காரம்மா எப்படி எழுந்தார்களோ, பிள்ளை அவர்கள் கையில் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் துணியெல்லாம் கழற்றி, உள்ளங்கால், முதுகு, கழுத்து மடிப்பு, விரல் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஈரத் தலையோடு பியூலா ஓடி வந்தாள். தொடைப் புள்ளியை அழுத்திப் பார்த்தார்கள். கொசுதான். காயம் இல்லை. எங்கேயும் இல்லை.

"பிரிங்க" என்றார்கள் கிரேஸம்மா.

பிளேடு போட்டேன். என் தையல் லேசில் பிரியாது. நைலான் நூல், இரட்டைத் தையல். முதல் தடவையாக அதற்காக வருத்தப்பட்டேன். அடித்துணியை உரித்து, பஞ்சைக் கட்டம் கட்டமாக நெருடினேன். முதல் வரிசை இல்லை. இரண்டு, மூன்று இல்லை. நாலாவது வரிசை, மூன்றாம் கட்டம். பஞ்சுக்குள் நெட்டுக்குத்தலாக நின்றிருந்தது, முனை மேலே. எஸ்தர் கோத்த நீல நூல் அப்படியே. மேல் துணிக்கும் முனைக்கும் நடுவில் ஒரு அரிசி கனம் கூட இல்லை.

போட்டோவில் பிள்ளையின் முதுகு இருந்த இடம் அது.

கிரேஸம்மா ஊசியைப் பார்த்தார்கள். காந்தத்தைப் பார்த்தார்கள். அப்புறம் என்னை.

"நேத்தே தெரியும் உங்களுக்கு."

"தெரியும்."

"பாஸ்டர் ஜெபம், அது இதுன்னீங்க."

சிதறிய பஞ்சை ஒன்றாகக் கூட்டி வைத்தேன்.

"ஞாயித்துக்கிழம டவல்ல சுத்திக்கறோம் அண்ணா. உங்க கையால ஒண்ணும் வேணாம்."

பிரித்த குவில்ட்டை அங்கேயே விட்டு எழுந்தேன். பியூலா வாசல் வரை வந்தாள். "போய்ட்டு வாங்க மாமா" என்று சொல்லவில்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஜூலை 12, சனி

கடை திறக்கவில்லை. தூறல்.

எஸ்தர் ஊசி டப்பாவை எடுத்து அரிசி டின் மேல் வைத்தாள். எனக்கு எட்டும் இடம்தான். எடுக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

சபையில் நல்ல கூட்டம். பிள்ளை வெள்ளை டவலில் வந்தது. தலையில் தண்ணீர் பட்டதும் அது கையை வீசியதில் பாஸ்டர் கண்ணாடி சரிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நான் கடைசி பெஞ்சு.

வெளியே செயலாளர் பிடித்துக்கொண்டார். "இன்னா வாத்தியாரே, எங்க உன் அறுபத்துநாலு கட்டம்?"

கைவசம் இருந்த பதில்கள்: 1. வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டேன். 2. இவ்வளவு அழகு பிள்ளைக்குக் கண்பட்டுவிடும். 3. கண்காட்சிக்குக் கேட்டிருக்கிறார்கள்.

நாலடி தள்ளி கிரேஸம்மா பிள்ளையோடு நின்றிருந்தார்கள். காது இந்தப் பக்கம்.

"முப்பத்தாறு" என்றேன். "உள்ள ஊசிய வச்சு தச்சிட்டேன். பிரிச்சுப் போட்டாச்சு."

செயலாளர் சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். மாதர் சங்கத்தில் யாரோ, "ஆம்பளைக்கு எதுக்கு இந்த வேல?" என்றது கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னார்கள்.

கிரேஸம்மா பிள்ளையை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பிரியாணி இருந்தது. துன்னுட்டுப் போங்க என்று மாப்பிள்ளை கையைப் பிடித்தார். உட்கார்ந்து பாதியில் எழுந்துவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

வெயில். மோட்டார் 2.

மதியம் தெரியாத நம்பர். கிரேஸம்மா.

"அண்ணா, நான்தான். பாபு நாலு நாளா தூங்கல." பின்னால் பிள்ளையின் அழுகை. "பட்டன் எல்லாம் வெட்டிட்டு, பஞ்சு எடுத்துட்டு, மேல் துணி மட்டும் போட்டுப் பாத்தேன். தூங்கினான். ஆனா ஓரம் பிரிஞ்சு நூல் விரல்ல சுத்திக்குது."

"நா வேணும்னா மிஷின்ல..."

"மிஷின் லேது, ஒண்ணும் லேது. நீங்க வாங்க. இங்க என் எதிர்ல உக்காந்து மடிச்சுத் தைங்க. உங்க டப்பா வேணாம். ஊசி நான் குடுப்பேன்."

ஜூலை 15, செவ்வாய்

இலேசான மழை. பத்து மணி பஸ். வெறுங்கை.

கூடத்தில் பாய் போட்டிருந்தது. கிரேஸம்மா ஒரு ஊசியைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்கள். நூலை எச்சில் தொட்டு நாலு தடவை முயன்றேன்.

"கோத்துக் குடும்மா" என்றேன் பியூலாவிடம். "எனக்குக் கண்ணு தெரியாது. எப்பவும் உங்க எஸ்தர் அத்தைதான் கோப்பா."

கோத்துக் கொடுத்தாள். டீயும் வைத்தாள். ஓரத்தை இரண்டாக மடித்து, தையல் பொடியாக, நாலு பக்கமும் போட்டேன். இரண்டரை மணி நேரம்.  நூல் தீரும்போதெல்லாம் பியூலா கோத்தாள். ஒரு பக்கம் முடியும்போதெல்லாம் கிரேஸம்மா அந்த ஓரத்தை வாங்கி, விரலால் அழுத்தி அழுத்தித் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

கடைசி முடிச்சு. நூலைப் பல்லால் கடித்தேன். கிரேஸம்மா கையை நீட்டினார்கள்.

"எத்தன அண்ணா?"

"ஒண்ணு" என்று ஊசியை அந்தக் கையில் வைத்தேன்.