நேரில் பார்த்தேன்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். உன் மகள் குட்டிக்கு இருமல் விட்டதா?

எங்கள் அலுவலகத்துக்குச் சுற்றுச்சூழல் விருது கிடைத்திருக்கிறது! பழைய கணினிகள் முந்நூற்றையும் எடுத்துவிட்டு, குறைவாக மின்சாரம் இழுக்கும் புதியவற்றை வைத்தேன். பழையவை முறையாகப் பிரிக்கும் இடத்துக்குப் போய்விட்டன. மேடைக்குக் கூப்பிட்டபோது கால் தரையில் பாவவில்லை. "பல்லு விளக்கும்போது குழாயைத் திறந்தே விடுறவனுக்கு விருதா?" என்று சிரிப்பாய். சிரித்துக்கொள்.

உன் தம்பி

மார்ச் 14

அன்புத் தம்பிக்கு,

போனில் சொன்னால் பேசியே மழுப்பிவிடுவாய், அதனால் எழுதுகிறேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் காலி மனையில் இரண்டு லாரி கணினிகளைக் கொட்டியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் செம்புக்காக ஒயர்களைக் கொளுத்துகிறார்கள். ஜன்னலைச் சாத்தினாலும் புகை வருகிறது. குட்டிக்கு மூச்சு இழுக்கிறது. பள்ளிக்கூடம் போய் ஐந்து நாளாகிறது.

நேற்று போய்ப் பார்த்தேன். ஒரு கணினிப் பெட்டியில், "அடிக்காதீங்க, தானா எந்திரிக்கும்" என்று எழுதி ஒட்டியிருந்தது. உன் கோழிக் கிறுக்கல் எனக்குத் தெரியாதா? "ஐயோ, இது என் தம்பி ஆபீஸ் பெட்டி" என்று வாயை விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். "என் தம்பி கண்ணால பாக்காம எதையும் அனுப்ப மாட்டான். எவனோ ஏமாத்திட்டான்" என்று தெருவே கேட்கும்படி சண்டை போட்டேன். எவன் என்று விசாரி.

அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்கா,

என்னை யாரும் ஏமாற்றவில்லை.

ஒழுங்காகப் பிரிப்பவர், "மூணு மாசம் ஆகும், நீங்களே வந்து பாருங்க" என்றார். விருதுக்கு விண்ணப்பிக்க ஒரு வாரம்தான் இருந்தது. இன்னொருவன், "நாளைக்கே தூக்கிடறேன் சார், பேப்பரும் தர்றேன்" என்றான். 'பிரித்ததை நேரில் பார்த்தேன்' என்ற தாளில் கையெழுத்துப் போட்டேன். எங்கே கொண்டுபோகிறான் என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவானோ என்று பயம். அந்தக் கணினிகளில் பாதி இன்னும் நான்கு வருடம் ஓடியிருக்கும். அதுவும் எனக்குத் தெரியும்.

குட்டியின் மூச்சைக் கெடுத்துவிட்டு மாலை போட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். மேலாளரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். விருதைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். என் வேலை நிலைக்குமா தெரியாது. எரியாமல் கிடப்பதை அள்ளிக்கொண்டுபோக வெள்ளிக்கிழமை லாரியோடு வருகிறேன். அன்று வீட்டுக்கு வரலாமா?

தம்பி

மார்ச் 23

தம்பிக்கு,

லாரியைக் கொண்டு வா. ஒயர்களை முதலில் ஏற்று.

நேற்று வீடு வீடாகப் போய், "நான் சொன்னது தப்பு. தெரிஞ்சுதான் அனுப்பியிருக்கான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். யாரும் திட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அதுதான் தாங்கவில்லை.

குட்டி, "மாமா வர்றாரா?" என்று கேட்டாள். "லாரி வருது" என்றேன்.

வேலை முடிந்ததும் அப்படியே திரும்பிவிடு.

அக்கா