அந்த மேனேஜர் கொலைகாரன் இல்லை

சார்,

சனிக்கிழமை காலை, லஸ் பக்கம் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் உங்கள் கடைசி நாவலைப் பார்த்தேன். அட்டையில் வழக்கம்போல் துப்பறியும் பரிதி, மழைக்கோட்டுடன். முதல் பக்கத்தில் யாரோ ஒரு வாசகர் நீல மையில் எழுதியிருந்தார்: 'கொலை செய்தது மேனேஜர்தான். படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.' நின்ற இடத்திலேயே சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிக்க முடியவில்லை. அந்த மேனேஜரைக் கொலைகாரனாக்கியது நான்தான் என்பது நம் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

மாதம் ஒரு நாவல். பதினெட்டு வருடம் பதிப்பக ஆபீஸில் உங்கள் பரிதிக்கு ப்ரூஃப் பார்த்தவள் நான். நான்காம் அத்தியாயத்தில் செத்த ஆள் ஒன்பதாம் அத்தியாயத்தில் காபி குடிப்பான். போன் செய்து சொல்வேன். "குடிச்சிட்டுப் போறான் வுடும்மா" என்று சிரித்துவிட்டு மறுநாளே திருத்தி அனுப்புவீர்கள். பரிதிக்கு ஏன் கல்யாணம் பண்ணி வைக்கக் கூடாது என்று ஒருமுறை கேட்டேன். "கட்டிக்கினா வூட்ல ஒருத்தி காத்துக்கினு இருப்பா. அப்பால இவன் எப்புடி தெருத் தெருவா சுத்துறது?" என்றீர்கள். உங்கள் மனைவி இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனக்காகவும் வீட்டில் யாரும் காத்திருக்கவில்லை. அதை நான் சொல்லவில்லை.

அந்தக் கடைசி நாவலில் பதினோரு அத்தியாயம் வந்தது. பன்னிரண்டாவது வரவில்லை. போனையும் எடுக்கவில்லை நீங்கள். மந்தைவெளி மாடி வீட்டுக்கு நேரில் வந்தேன். சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம். நிமிர்ந்து பார்த்து, "யாரும்மா கொன்னது?" என்று கேட்டீர்கள். விளையாடுகிறீர்கள் என்று நினைத்தேன்.

"மூணு நாளா மொதல்லேர்ந்து படிச்சிக்கினு கீறேன். பரிதிக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்குத்தான் தெரியல."

"டாக்டர்கிட்ட போலாம் சார்."

"போலாம். ஆபீஸ்ல மட்டும் சொல்லாத."

சொல்லவில்லை. அதே மேசையில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை நானே எழுதினேன். மழையில் நடந்து வந்ததாகச் சொன்ன மேனேஜரின் குடை நனையாமல் இருந்ததாக எங்கோ ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு நாளில் முடிந்தது. விரலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தீர்கள்.

"நல்லா கீதும்மா. ஆனா இவன் இல்ல."

"அப்ப யாரு சார்?"

மேசையில் கிடந்த காகிதங்களை மறுபடி முதலிலிருந்து புரட்டினீர்கள். "அதான் தெரியலையே" என்றபோது உங்கள் குரல் உடைந்தது. நான் சமையலறைக்குள் போய், கழுவிய டம்ளர்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

புத்தகம் வந்தது. முடிவை யூகிக்கவே முடியவில்லை என்று வாசகர் கடிதங்கள். படித்துக் காட்டினேன். யாரோ எழுதிய கதையைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

பிறகு உங்கள் மகள் உங்களை அசோக் நகருக்கு அழைத்துப் போனாள். கொட்டிவாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி ஞாயிறுதோறும் வந்தேன். கடைசி ஞாயிறு, கழுத்துப் பட்டன்வரை போட்டுக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். என்னை அடையாளம் தெரியவில்லை. எதிர் நாற்காலியைக் காட்டினீர்கள்.

"வாங்க, உக்காருங்க. நான் பரிதி. இன்னா கேசு?"

உங்கள் மகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் உட்கார்ந்தேன்.

"ஒருத்தரைக் காணோம் சார்."

"அவரு உங்களுக்கு இன்னா வேணும்?"

"அவருக்கு ப்ரூஃப் பாக்கறவ சார்" என்றேன்.

"கண்டுபுடிச்சிடலாம். பயப்படாதீங்க" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தீர்கள். பத்தாம் நாள் போன் வந்தது. சாவு வீட்டில் உங்கள் உறவுக்காரர் ஒருவர், நீங்க யாரு என்று என்னிடம் கேட்டார். "ஆபீஸ்" என்று சொல்லிவிட்டு மாலையை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் நிறுத்தம்வரை நடந்துபோகிறேன். வண்டி வருகிறது, போகிறது. நீங்கள் எனக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் ஒருவர்தான் கேட்டீர்கள். உண்மையான பதிலை அன்று உங்களிடம் சொல்லவில்லை. அது இன்னும் என்னிடமே இருக்கிறது, சார்.