மாமாவின் போனுக்குப் புது பேட்டரி

வெள்ளிமலை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் செவ்வந்தி எழுதிக்கொள்வது. நானும் நம் பாப்பா சங்கவியும் சுகமாக இருக்கிறோம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்கள், கை நடுக்கம் குறைந்திருக்கிறது, நன்றாகத் தூங்குகிறீர்கள் என்று அங்கிருக்கும் மேடம் சொன்னார்கள். கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. குடியை விட வந்தவர்கள் போனைத் தொடக்கூடாது என்று அந்த மையத்தில் சட்டமாம். அதனால்தான் இந்தக் கடிதம். பள்ளிப் படிப்பை விட்ட பிறகு இப்போதுதான் முதல்முறையாகக் கடிதம் எழுதுகிறேன். பிழைகளைப் பெரிதுபடுத்தாதீர்கள்.

முதலில் வண்டிச் செய்தி. ஜீப்பை உங்கள் தம்பி ஐயப்பன்தான் ஓட்டுகிறார். ஆனால் வாடிக்கைக்காரர்கள் எல்லோரிடமும் இருப்பது உங்கள் நம்பர். அதனால் போன் என் கையில், ஸ்டியரிங் அவர் கையில். சாமை மூட்டை ஏற்ற, சந்தைக்குப் போக என்று தினமும் யாராவது கூப்பிடுகிறார்கள். ராணியம்மாள் மகளுக்கு விடியற்காலையில் வலி எடுத்தபோதும் உங்கள் போனுக்குத்தான் அடித்தார்கள். நேரத்தோடு மலை இறங்கி, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. சார்ஜ் இறங்கிப் போன் அணைந்து கிடக்கும்போது இப்படி ஒருவர் கூப்பிட்டால் என்ன ஆவது? நம் ஊரில் கொஞ்சம் காற்றடித்தாலே கரண்ட் போய்விடும். அதனால் கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் சார்ஜரில் சொருகியே வைத்தேன். நூறு காட்டினாலும் கழற்றவில்லை. பேசும்போதும் ஒயரோடுதான் பேசினேன். காது சுட்டது, அப்போதும் புத்தி வரவில்லை. ஒரு நாள் பார்த்தால் போனின் முதுகு உப்பி, மூடி ஒரு பக்கம் விலகி நிற்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? துணியில் சுற்றி, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தேன். அமுங்கிவிடும் என்று நினைத்தேன். சிரியுங்கள், பரவாயில்லை.

அமுங்கவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் இளவரசனிடம் எடுத்துப் போனேன். குழவிக் கதையைக் கேட்டதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். வெடிச்சிருந்தா இன்னாங்கக்கா பண்ணியிருப்பீங்க, கொயந்தை இருக்கிற வூடாச்சே என்றார். உப்பின பேட்டரியை யாராலும் சரி பண்ண முடியாது என்று சொல்லிப் புதிது போட்டார். இருபதுக்குக் கீய எறங்க வுடாதீங்க, எம்பது வந்தா கயட்டிடுங்க, ராத்திரி பூரா சொருகி வெச்சிக்கினு தூங்காதீங்க, சூடு ஜாஸ்தியானா உறையைக் கயட்டிக் கொஞ்ச நேரம் சும்மா வுடுங்க என்று பாடம் நடத்தினார். அதன்படியே செய்கிறேன். உங்கள் அம்மாகூட என்னை இவ்வளவு வேலை வாங்கியதில்லை.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். புது பேட்டரி போட்டு, கடையிலேயே போனை ஆன் செய்ததும் முதலில் கூப்பிட்டது சின்னராசு. அண்ணன் எப்ப வராரு, வர அன்னிக்கு நம்ம எடத்துல எல்லாம் ரெடி பண்ணி வெச்சிருக்கேன்னு சொல்லுங்க என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அன்றைக்கு மலைப்பாதை வளைவில் நம் வண்டி பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றபோது, பாப்பா என் மடியில் இருந்தாள். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஊற்றிக் கொடுத்துக்கொண்டு வந்தவர் இதே சின்னராசு.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, இந்த நம்பரை பிளாக் பண்ணிடட்டுங்களாக்கா என்று இளவரசன் கேட்டார். சரி என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. வேண்டாம் என்றேன். நான் நம்பரை அடைத்தால் அவர் வாசலுக்கு வருவார். வாசலை அடைத்தால் நீங்கள் அவரைத் தேடிப் போவீர்கள். வேண்டாம் என்று உங்கள் வாயால் சொன்னால்தான் இது நிற்கும், மாமா.

அடுத்த வாரம் வியாழக்கிழமை உங்களை அழைத்துப் போகலாம் என்று மேடம் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் ஜீப்பில் வருகிறோம். கேட்டுக்கு வெளியே வந்ததும் போனை உங்கள் கையில் கொடுத்துவிடுவேன். சின்னராசுவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வாருங்கள். நான் பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்க மாட்டேன். என்ன பேசினீர்கள் என்றும் கேட்க மாட்டேன். வண்டிச் சாவியை உங்களிடமே கொடுக்கும்படி ஐயப்பனிடம் சொல்லியிருக்கிறேன். அவருக்கு அதில் மனமில்லை. நான்தான் பிடிவாதமாக இருக்கிறேன்.

உங்களுக்கு ஒரு குறையும் வராமல் சாமி துணை இருக்கட்டும். எனக்கென்று கேட்பது ஒன்றுதான். நீங்கள் வண்டி ஓட்ட, மலை ஏறும் வழியெல்லாம் பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு நான் நிம்மதியாகத் தூங்க வேண்டும். வீடு வந்த பிறகு எழுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் செவ்வந்தி