சரசக்கா நிற்கப்போகும் பக்கம்

என் சரசக்காவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது. மடத்துவெளியில் உங்கள் வளவுக்கும் எங்கள் வளவுக்கும் இடையில் நீங்கள் புகுந்து வரும் வேலிப் பொட்டை இன்னும் நான் அடைக்கவில்லை. ஆடுகளை நான்தான் பார்க்கிறேன். அந்தக் கறுப்புக் கிடாய் உங்களைப் போலவே சொல்வழி கேட்பதில்லை.

உங்கள் மகள் வதனி லண்டனில் இருந்து வந்து வருடத் திவசத்தைக் குறையில்லாமல் செய்தாள். அதற்கு நான் போவதா இல்லையா என்று என் வீட்டில் நடந்த சண்டையைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொல்வேன்?

என் மகன் அன்ரன் இப்போது எங்கள் மாதா கோயிலுக்குப் பூசைக்கு வருவதில்லை. ஒரு ஜெபக்கூடத்தில் சேர்ந்து பிரசங்கமும் செய்கிறான். நல்ல பிள்ளைதான். குடியில்லை, பொய்யில்லை, தொழிலுக்குப் போய்க் கடலால் வந்தால் கையில் வேதப் புத்தகம்தான். ஆனால் வாயைத் திறந்தால் யார் உள்ளே, யார் வெளியே என்ற கணக்குத்தான். திவசத்துச் சாப்பாடு படையல், அதைத் தொடக்கூடாது என்றான். அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். பிறகு அவன் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"சரசுப் பெரியம்மா நல்லவதான் அம்மா. ஆனா அவ ஆண்டவரை ஏற்கேல்லையே. கடைசி நாளில இடப்பக்கம்தான் நிப்பா."

சாப்பிட்டுக்கொண்டிருந்த கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன்.

அந்தக் கதை உங்களுக்கும் தெரியும். கடைசி நாளில் அரசர் வந்து, மேய்ப்பன் மந்தையைப் பிரிப்பதுபோல மனிதரைப் பிரித்து, செம்மறிகளை மோட்சத்துக்கு வலப்பக்கமும் வெள்ளாடுகளை நரகத்துக்கு இடப்பக்கமும் நிறுத்துவார். திருநாள் ஒன்றுக்கு என்னோடு கோயிலுக்கு வந்தபோது பங்குச் சுவாமி அதைத்தான் பிரசங்கத்தில் சொன்னார். வரும் வழியெல்லாம் நீங்கள் நின்று நின்று சிரித்தீர்கள். "உங்கட ஆண்டவர் வெள்ளாடு வளர்க்கேல்லைப் போல, பிலோமினா. செம்மறிக்கு முன்னுக்கு ஒரு ஆள் போகவேணும். என்ர ஆடுகள் பொழுதுபட தானாய் வீட்டை வந்திடும்." எனக்கு அன்றைக்கு உங்களோடு கோபம். சுவாமியிடம் போய் முறையிட்டேன். அவர் உங்களைவிடக் கூடச் சிரித்தார்.

அன்ரன் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. அவன் சொல்வது சரியாக இருந்துவிட்டால்? நான் வலப்பக்கம் நின்றுகொண்டு எதிர்ப்பக்கத்தில் உங்களைப் பார்ப்பதா? அப்படி ஒரு மோட்சம் எனக்கு எதற்கு, அக்கா? செபமாலையைக் கையில் எடுத்தால் மனம் அதிலேயே போய் நின்றது. விசுவாசம் போய்விடுமோ என்றுகூட அஞ்சினேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை. மறுநாள் பிரசங்கத்துக்காக அன்ரன் விறாந்தையில் கதிரையைப் போட்டு உரத்துச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தான். நான் குசினியில் கறிக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். அதே கதைதான். அரசர் வலப்பக்கத்து ஆட்களிடம் சொல்லும் இடம் வந்தது.

"நான் பசிச்சுக் கிடந்தனான், நீங்கள் சாப்பாடு தந்தியள். நான் முன்பின் தெரியாத ஆளாய் வந்தனான், வீட்டுக்குள்ள எடுத்தியள்."

என் கை நின்றுவிட்டது. ஆண்டவரின் பேச்சுத்தான், ஆனால் என் காதில் விழுந்தது என் பிள்ளையின் குரல். சண்டைக் காலத்தில் அல்லைப்பிட்டியில் இருந்து ஓடி வந்து உங்கள் படலையில் நின்றபோது அவன் பச்சைப் பிள்ளை. காய்ச்சலில் எனக்குப் பால் வற்றிப்போயிருந்தது. எந்த ஊர், என்ன சாதி, வேதக்காரரா என்று நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளறையை எங்களுக்குத் தந்தீர்கள். ஆட்டுப்பாலைக் காய்ச்சி, தண்ணீர் கலந்து, சங்கில் அவனுக்குப் பருக்கினீர்கள். அவனும் இதை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறான். நாங்கள் இருவருமே இந்தக் கதையையும் அந்தக் கதையையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

புளிக் கையோடு விறாந்தைக்குப் போனேன்.

"தம்பி, இப்ப சொன்னது ஆர்?"

"ஆண்டவர் சொல்றார், அம்மா."

"எனக்கு உன்ர குரல்தான் கேட்டது. நீதான் பசிச்சுக் கிடந்தனி. உன்னை வீட்டுக்குள்ள எடுத்தது ஆர்?"

வேதத்தில் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பவன், புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு வேலிப் பக்கம் பார்த்தபடி இருந்தான். நானும் மேலே ஒன்றும் கேட்காமல் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

திவசத்தன்று நான் சேலை உடுத்து வெளிக்கிட, அவனும் சேட்டுப் போட்டுக்கொண்டு பின்னால் வந்தான். ஐயர் கிரியை செய்து முடியும்வரை முற்றத்து மாமர நிழலில்தான் நின்றான். பந்தி வைத்ததும் வதனி வந்து கூப்பிட்டாள். நான் போய்ப் பந்தியில் இருந்தேன். அவனும் வந்து என் பக்கத்தில் இருந்தான், அக்கா. தலையைக் குனிந்து தன் செபத்தைச் சொல்லிவிட்டு இலையில் கை வைத்தான். பாயாசத்தை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிக் குடித்தான். எனக்குக் கண் நிறைந்து, சோறு எது கறி எது என்று தெரியவில்லை.

அவன் முழுதாக மாறிவிட்டான் என்று சொல்லமாட்டேன். நேற்றும் என்னோடு வாதாடினான். ஆனால் உங்களை எந்தப் பக்கத்திலும் நிறுத்துவதை விட்டுவிட்டான். எனக்கு இப்போதைக்கு அது போதும். செபமாலையும் பழையபடி கையில் ஓடுகிறது.

இப்போது அந்தக் கதையில் எனக்கு ஆகப் பிடித்த இடம் வேறு. வலப்பக்கம் நிற்பவர்கள் அரசரை அடையாளம் காண்பதே இல்லை. உம்மை நாங்கள் எப்போது கண்டோம், உமக்கு எப்போது தந்தோம் என்று திகைத்துப்போய்க் கேட்கிறார்கள். எளியவர் ஒருவருக்குத் தந்ததே எனக்குத் தந்ததுதான் என்கிறார் அரசர். நீங்களும் அப்படித்தான் திகைத்துப்போய்க் கேட்பீர்கள். "நானோ? நான் எப்ப தந்தனான்?" என்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பீர்கள்.

பயப்படாதீர்கள், அக்கா. அன்றைக்கு நான் வாய்மூடி நிற்கமாட்டேன். அன்ரனைக் கையில் பிடித்து எல்லாருக்கும் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, "இந்தா, இந்தப் பிள்ளைக்குத்தான்" என்று சொல்வேன்.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
பிலோமினா